எலும்பு சொன்னதை மட்டும் சொன்ன சாட்சி!

1985 ஏப்ரல். அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்ஸ். 1976-ல் ஆட்சியைப் பிடித்து நாட்டையே நடுங்கவைத்த ராணுவத்தின் தளபதிகள் ஒன்பது பேர் மீதான வழக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

சாட்சி சொல்ல வந்தவர் ஓர் அமெரிக்கர். 57 வயது. எந்தக் கொலையையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தவை சில ஸ்லைடுகள்தான். திரையில் தெரிந்தது, ஓர் இளம்பெண்ணின் மண்டையோடு.

அவர் பெயர் கிளைட் ஸ்னோ. எலும்பைப் பார்த்து ஆளைச் சொல்லும் தடயவியல் நிபுணர்.

டெக்சாஸ் மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில் ஸ்னோவின் அப்பா டாக்டர். சிறுவயதில் அப்பாவோடு வேட்டைக்குப் போன இடத்தில் ஓர் எலும்புக் குவியல் கிடந்தது. மான் எலும்பும் மனித எலும்பும் கலந்து கிடந்ததை அப்பா பிரித்துக் காட்டினார். காணாமல்போன ஒருவருடைய எலும்புகள் அவை என்பது பிறகு தெரிந்தது. ஸ்னோ பிற்காலத்தில் விரும்பிச் சொன்ன கதை இது.

ஆனால் அவர் நேராக இந்தத் துறைக்கு வந்துவிடவில்லை. 1960-ல் வேலைக்குச் சேர்ந்தது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் மருத்துவ ஆய்வு மையத்தில். விமானம் விழுந்தால் யார் தப்பிக்கிறார்கள், யாரால் முடிவதில்லை, ஏன் என்று ஆராய்வது வேலை. மானுடவியல் படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். இருக்கையையும் பெல்ட்டையும் மனித உடலுக்குத் தோதாகச் செய்ய உடலின் அளவு தெரிய வேண்டுமே! விமானப் பணிப்பெண்களின் உடல் அளவுகளைக்கூட எடுத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்.

1979 மே மாதம் சிகாகோவில் டிசி-10 விமானம் ஒன்று கிளம்பிய சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. 273 பேர் பலி. அடையாளம் காணும் குழுவில் ஸ்னோவும் இருந்தார். பயணிகளைப் பற்றிக் குடும்பத்தினர் தந்த விவரங்களையும், உடல்களில் கிடைத்த விவரங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒப்பிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது ரொம்பப் புதுசு.

எலும்பில் என்ன தெரியும்?

இடுப்பெலும்பு, ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். பெண்ணின் இடுப்பு, குழந்தை வெளியே வரத் தோதாக அகன்றிருக்கும். தொடை எலும்பை அளந்தால் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். வயதைச் சொல்ல எலும்பின் நுனிகளைப் பார்ப்பார்கள். வளரும் பருவத்தில் நுனிகள் தனியாக இருந்து, பிறகு ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் காறை எலும்பின் உள்நுனி முழுதாக ஒட்ட, இருபதுகளின் பிற்பகுதி வரைகூட ஆகும். எப்போதோ கை உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்தால் அந்தத் தழும்பு எலும்பிலும் இருக்கும்.

இவ்வளவும் சேர்ந்தாலும் 'இப்படிப்பட்ட ஒருவர்' என்றுதான் சொல்ல முடியும். 'இன்னார்' என்று சொல்ல வேண்டுமானால், உயிரோடு இருந்தபோது எடுத்த எக்ஸ்ரேயோ, பல் டாக்டரிடம் இருக்கும் பதிவோ வேண்டும். டி.என்.ஏ. சோதனை அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தாண்டாமல் இருப்பதுதான் நிபுணர் சாட்சிக்குப் பெரிய சோதனை. வக்கீலுக்கு 'ஆமாம்' என்ற பதில் வேண்டும். பிள்ளையைத் தேடும் தாய்க்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

மண்ணில் மறைந்தவர்கள்

அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் 'காணாமல்போனவர்கள்' 30,000 பேர் வரை என்கின்றன மனித உரிமை அமைப்புகள். ஆட்சி மாறியதும் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் ஏறக்குறைய 9,000 பேரின் விவரங்களைப் பதிவு செய்தது. ஊர் ஊராகக் கல்லறைத் தோட்டங்களில், பெயரில்லாதவர் என்பதைக் குறிக்கும் 'என்.என்.' என்ற இரண்டெழுத்தோடு புதைகுழிகள் இருந்தன. தோண்டச் சொல்லி நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். வந்தது புல்டோசர்! எலும்புகள் நொறுங்கின, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்தது.

1984 ஜூனில் அமெரிக்க விஞ்ஞானிகள் குழுவோடு வந்த ஸ்னோ, முதலில் இதை நிறுத்தச் சொன்னார். பிறகு ஆள் தேடினார். ராணுவ ஆட்சி முடிந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நேரம். பெரிய நிபுணர்கள் தயங்கினார்கள். துணிந்து வந்தவர்கள் மருத்துவமும் மானுடவியலும் தொல்லியலும் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள்! சின்னக் கரண்டி, பிரஷ், சல்லடை இவற்றை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தோண்டக் கற்றுக்கொடுத்தார். குழியில் கிடந்தவர்களில் பலர் அந்த மாணவர்களின் வயதுக்காரர்கள். அழுகை வந்தால் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பகலில் வேலையைப் பாருங்கள் என்பது அவர் அவர்களிடம் சொன்னது.

அப்படி மீட்ட ஒருவரின் மண்டையோடுதான் நீதிமன்றத் திரையில் தெரிந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். 1977-ல் கர்ப்பிணியாக இருந்தபோது கடத்தப்பட்டவர். பல் பதிவுகள் அவரை 'இன்னார்' என்று உறுதிசெய்தன. மண்டையோட்டில் ஷாட்கன் ரவைகள். மிக அருகிலிருந்து தலையில் சுட்டிருக்கிறார்கள் என்றார் ஸ்னோ. இப்படிச் செத்தவர்களை 'மோதலில் கொல்லப்பட்டார்' என்று எழுதி முடிப்பது அந்த ஆட்சியின் வழக்கம். நம் ஊர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூரத்தில் நின்று சண்டையிட்டவருக்கு அப்படிக் காயம் படாது.

இன்னொன்றும் சொன்னார். இடுப்பெலும்பில் இருந்த குழிவுகள், இந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருப்பதைக் காட்டுகின்றன என்றார். அப்படியானால் குழந்தை எங்கே?

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இடுப்பெலும்பின் குழிவை மட்டும் வைத்துப் பிரசவத்தை உறுதிசெய்ய முடியாது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. குழந்தை பெறாத பெண்களுக்கும் அந்தக் குழிவு இருக்கலாம். இந்த வழக்கில் எலும்பு தனியாக நிற்கவில்லை. அதே ரகசியச் சிறையிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் குழந்தை பிறந்ததைச் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடும் 'பிளாசா டி மாயோ பாட்டிகள்' அமைப்பு விடாமல் தேடியது. 2008-ல் அந்த மகன் கிடைத்தார். அப்போது அவருக்கு 30 வயது.

தீர்ப்பு 1985 டிசம்பரில் வந்தது. ஐந்து பேருக்குத் தண்டனை. அதில் இருவருக்கு ஆயுள். நான்கு பேர் விடுதலை.

சாட்சி சொன்ன இரண்டே மாதத்தில் ஸ்னோ பிரேசிலில் இருந்தார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் நாஜி டாக்டர் மெங்கலே, வேறொருவர் பெயரில் அங்கே புதைக்கப்பட்டிருப்பதாகத் தகவல். பல நாட்டு நிபுணர்கள் கூடினார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் வாசலில் நின்றன. எலும்பு, பல், மண்டையோட்டின் மீது பழைய புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் சோதனை என எல்லாம் முடிந்தபின் அவர்கள் வெளியிட்ட முடிவில் ஆரவாரமே இல்லை. அறிவியல் அனுமதிக்கும் நியாயமான உறுதியோடு இது மெங்கலேதான் என்றார்கள், அவ்வளவுதான். 1992-ல் டி.என்.ஏ. சோதனை அதையே உறுதிசெய்தது.

பிறகு குவாதமாலா, குரோஷியா, இராக்கின் குர்து கிராமங்கள் என்று போய்க்கொண்டே இருந்தார் ஸ்னோ. 2006-ல் சதாம் உசேன் மீதான குர்து படுகொலை வழக்கிலும் கூண்டேறினார். அப்போது அவருக்கு 78 வயது. 2014-ல் காலமானார்.

பியூனஸ் அயர்ஸ் மாணவர்கள் கலைந்து போகவில்லை. 'அர்ஜென்டினா தடய மானுடவியல் குழு' என்று அமைப்பாகி, கண்டம் கண்டமாக வேலை பார்த்தார்கள். 1997-ல் பொலிவியாவில் சே குவேராவின் எலும்புகளை அடையாளம் கண்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. 1982 ஃபாக்லாந்து போரில் இறந்த அர்ஜென்டினா வீரர்கள் பலர் அந்தத் தீவில் பெயரில்லாத கல்லறைகளில் கிடந்தார்கள். 2017-ல் செஞ்சிலுவைச் சங்கம் அவற்றைத் திறந்தபோது, டி.என்.ஏ. மாதிரிகள் போனது இந்தக் குழுவின் ஆய்வகத்துக்குத்தான். அந்த வருட முடிவுக்குள் 88 வீரர்களுக்குப் பெயர் கிடைத்தது.