கயிறை இழுத்தா திட்டு விழுமா?

மெக்கானிக்கல் பசங்களைத் தூக்கத்துல எழுப்பி, "கைசென்னா என்ன?"ன்னு கேளுங்க. "தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமா முன்னேத்துறது"ன்னு சொல்லிட்டுத் திரும்பப் படுத்துக்குவாங்க. ரெண்டு மார்க் ரெடி! ஆனா, அந்த ரெண்டு மார்க்குக்குப் பின்னாடி ஒரு செம கதை இருக்கு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்னு ஒரு ஊர். அங்கே இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலையை 1982-ல் இழுத்து மூடிட்டாங்க. தினமும் அஞ்சு பேரில் ஒருத்தர் வேலைக்கே வரமாட்டார். தரமும் மோசம். ஒரே ஒரு சட்டம்தான் ஸ்ட்ரிக்ட்... லைன் நிக்கக் கூடாது! கோளாறான வண்டியா? போகட்டும், கடைசியில பார்த்துக்கலாம்.

1984-ல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் கைகோத்து, அதே இடத்தில் 'நம்மி'ங்கிற பெயரில் கம்பெனி நடத்த ஆரம்பிச்சாங்க. ட்விஸ்ட் என்னன்னா, ஆட்களில் பெரும்பாலானவங்க பழைய ஆட்கள்தான். யூனியனும் அதேதான்! நூற்றுக்கணக்கானவங்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தாங்க. லைன் பக்கத்துல ஒரு கயிறு கட்டினாங்க. தப்பு கண்ணில் பட்டா, யார் வேணும்னாலும் இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். கார் அந்த இடத்தைத் தாண்டுறதுக்குள்ள சரியாகலைன்னா லைன் நிக்கும்.

ஓடி வர்றவர் "யாருய்யா இழுத்தது?"ன்னு கத்த மாட்டார். "என்ன பிரச்னை?"ன்னு கேட்பார். மேட்டரே இங்கதான் பாஸ்! கொஞ்ச காலத்திலேயே ஃப்ரீமான்ட் கார்கள் தரத்துல ஜப்பான் கார்களை நெருங்கிடுச்சு. வேலைக்கு வராதவங்க நூத்துக்கு ரெண்டு, மூணு பேர்தான். ஆனா, இதே முறையைத் தன் மத்த தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோக ஜி.எம். வருஷக்கணக்கா திணறுச்சு. கயிறு கட்டுறது ஈஸி. இழுத்தவரைத் திட்டாம இருக்குறதுதான் கஷ்டம்.

கதை சுபம்னு நினைக்காதீங்க. 2009-ல் ஜி.எம். திவாலாகி, கூட்டணியில் இருந்து விலகிச்சு. 2010 ஏப்ரலில் டொயோட்டாவும் நம்மியை மூடிடுச்சு. நல்லா வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவங்க வீட்டுக்குப் போனாங்க. கீழே இருக்குறவங்க எவ்வளவு திருத்தினாலும், மேலே எடுக்குற ஒரு முடிவு எல்லாத்தையும் முடிச்சிடலாம். கைசென் பாடம் நடத்துறவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும். அந்த இடத்துல இப்போ டெஸ்லா கார்கள் தயாராகுது.

நம்ம கேம்பஸுக்கு வருவோம். சிம்போசியம் நடத்துறீங்க. ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல நிக்கிற ஃபர்ஸ்ட் இயர் பையன், "அண்ணா, லிஸ்ட்ல பேரு தப்பா இருக்கு"ன்னு வர்றான். "இருக்கறதை வெச்சு சமாளிடா"ன்னு அனுப்பிட்டா, அடுத்த தப்பை அவன் சொல்லவே மாட்டான். அடுத்த வருஷமும் அதே க்யூ, அதே கூச்சல்! சொன்னதுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லி, அவன்கூட உட்கார்ந்து லிஸ்ட்டைச் சரிபண்ணிப் பாருங்க.

நாளைக்கு இன்டர்வியூவில் கைசென் பத்திக் கேட்டா, டெஃபனிஷனோட நிறுத்தாதீங்க. "உங்க கம்பெனியில கயிறை இழுத்தா என்ன சார் நடக்கும்?"னு திருப்பிக் கேளுங்க. அவர் சொல்ற பதில்ல, நீங்க அங்க சேரலாமா வேணாமான்னு தெரிஞ்சிடும்!