பதினெட்டு வயதுக்குப் பிறகு எந்த ஓ.பி.க்குப் போவது?

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும்,



இதயத்தில் குறையோடு பிறக்கும் ஏழைக் குழந்தைக்கு இந்த மாநிலத்தில் காசில்லாமல் அறுவை சிகிச்சை கிடைக்கிறது. குறை சொல்ல வருகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2008இல் வந்த இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம், அடுத்து கலைஞர் காப்பீடு, இன்றைய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்று பெயரும் ஆட்சியும் மாறியபோதும் அந்த வேலை நிற்கவில்லை. ஆர்பிஎஸ்கே என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் சந்தேகமான சத்தம் கேட்டால் எக்கோவுக்கு அனுப்புகிறது. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய பிள்ளைகள், இன்று பனியன் கம்பெனியிலும் கல்லூரியிலும் கல்யாண மேடையிலும் இருக்கிறார்கள்.

அவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பதுதான் இப்போதைய பிரச்சினை. ஆர்பிஎஸ்கே பதினெட்டு வயதோடு நின்றுவிடுகிறது. அதன்பிறகு அவர்களைப் பார்ப்பது யார் பொறுப்பு என்று கேட்டால், குழந்தைகள் பிரிவு இதயப் பிரிவைக் காட்டும்; இதயப் பிரிவு நெஞ்சு வலி இருக்கிறதா, சுகர் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பிவிடும்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஃபேலட் நான்மை என்ற குறைபாட்டுக்குச் சிறுவயதில் அறுவை செய்துகொண்டவள். அன்றைய டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துத்தான் அம்மா வைத்திருந்தார். தட்டச்சு எழுத்து மங்கி, அறுவையில் என்ன செய்தார்கள் என்ற வரியே படிக்க வராது. வளர்ந்த பிறகு எடுத்த ஒரு எக்கோவில் “நார்மல்” என்று எழுதிக் கொடுத்தார்கள். இடப்பக்கம் நார்மல்தான். என் கோளாறு வலப்பக்கத்தில்.

“ஓட்டையை அடைச்சாச்சு, இனி பயமில்லை” என்று வார்டில் சொல்லி அனுப்புவது வழக்கம். சின்ன ஓட்டை, உரிய வயதில் அடைக்கப்பட்டது என்றால் அது பெரும்பாலும் உண்மையே. ஃபேலட் அப்படியல்ல. நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகலாக இருப்பதால் அதை வெட்டி அகலப்படுத்துவார்கள். பலருக்கு அதன்பின் அங்குள்ள வால்வு ஒழுகத் தொடங்கும். வலது கீழறை அந்தக் கூடுதல் ரத்தத்தை இருபது, முப்பது வருஷம் சத்தமில்லாமல் சுமந்து வீங்கிக்கொண்டே போகும். ஆளோ மாடிப்படி ஏறுவார், நைட் ஷிஃப்ட் பார்ப்பார். மூச்சு வாங்குகிறது என்று அவர் வந்து நிற்கும்போது, வால்வு மாற்றினாலும் அந்த அறை பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம். ஆகவே தொந்தரவு தெரியும் முன்பே எம்ஆர்ஐ எடுத்து, அறையின் அளவைக் கணக்கிட்டு நாள் குறிக்க வேண்டும். ஈசிஜியில் க்யூஆர்எஸ் அகலம் 180 மில்லி விநாடியைத் தாண்டினால், திடீர் மரணத்தில் முடியக்கூடிய துடிப்புக் கோளாறுக்கு வாய்ப்பு கூடுகிறது. மாரடைப்புக்காரர்கள் வரிசைகட்டி நிற்கும் ஓ.பி.யில் இதையெல்லாம் தேடிப் பார்க்க யாருக்கு நேரம்? மருத்துவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் படித்தது வேறு இதயம்.

இன்னும் எளிய ஒன்றைச் சொல்கிறேன். 1944இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹெலன் டாசிக், ஆல்ஃப்ரட் பிளேலாக், விவியன் தாமஸ் மூவரும் நீலம் பாரித்த குழந்தைகளுக்காக ஒரு வழி கண்டார்கள்: கைக்குப் போகும் ரத்தக் குழாயை வெட்டி நுரையீரல் குழாயோடு இணைப்பது. அந்தப் பழைய முறையில் அறுவையானவருக்கு அதே கையில் பிபி பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். எந்தக் கையில் பட்டையைக் கட்டுவது என்பதற்கே பழைய ஃபைல் வேண்டும்.

பெண்களின் பாடு தனி. நெஞ்சில் தழும்பு இருப்பதைச் சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று வீட்டார் மறைக்கிறார்கள். மறைத்துக் கல்யாணமான பெண், மாமியாரோடு செக்கப்புக்குப் போகும்போது வாய் திறப்பாளா? கர்ப்பத்தில் உடம்பிலுள்ள ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடுகிறது. அந்தச் சுமையை எல்லா இதயமும் தாங்காது. ஓட்டை அடைபடாமலே வளர்ந்து நுரையீரல் அழுத்தம் ஏறிப்போனவருக்கு, ஐசன்மெங்கர் நிலை என்பார்கள், கர்ப்பமே உயிருக்கு ஆபத்து. அவருக்குச் சாதாரணக் கருத்தடை மாத்திரையும் ஆகாது, அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தை உறைய வைக்கலாம். உலோக வால்வு வைத்துக்கொண்டவர் தினம் விழுங்கும் வார்ஃபரின், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. இதையெல்லாம் ஐந்தாம் மாதத்தில் பேசிப் பயனில்லை. கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர், மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, “சின்ன வயசுல நெஞ்சுல ஆபரேஷன் ஏதும் நடந்திருக்காம்மா?” என்று ஒரு கேள்வி கேட்டாலே பல உயிர்கள் தப்பும். ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் தணிக்கை செய்யும் மாநிலம் இது. இந்தக் கேள்வி அதற்குப் பெரிய காரியமல்ல.

லண்டனில் ஜேன் சோமர்வில் என்ற இதய மருத்துவர் இதே நிலையை ஐம்பது வருஷத்துக்கு முன்பே பார்த்தார். குழந்தைகள் வார்டிலும் ஒட்டாமல் பெரியவர்கள் வார்டிலும் ஒட்டாமல் நின்றவர்களுக்காக, 1975இல் நேஷனல் ஹார்ட் மருத்துவமனையில் தனி வார்டு திறந்தார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2010 கணக்குப்படி, பிறவி இதயக் குறைபாட்டோடு வாழ்பவர்களில் மூன்றில் இரு பங்கினர் பெரியவர்கள். குழந்தைகளைக் காப்பாற்றும் எந்த ஊரும் ஒருநாள் அந்தக் கணக்குக்கு வந்தே தீரும்.

நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை. சென்னை, மதுரை, கோவை, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாள், குழந்தை இதய மருத்துவரும் பெரியவர்களின் இதய மருத்துவரும் ஒரே அறையில் உட்காரட்டும். மகப்பேறு மருத்துவர் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கட்டும். வராமல் போனவருக்குப் போன் போட ஒரு செவிலியர். எம்ஆர்ஐக்குக் காப்பீட்டில் தடையில்லாத அனுமதி; வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்ற காப்பீட்டுத் தொகை, நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தபின் மட்டும் பேசினால் போதாது. பல் பிடுங்கும் முன் யாருக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், எந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, அறுவையில் நடந்தது என்ன என்பதை எல்லாம் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டை ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும்.

இப்படி அறுவையாகி வளர்ந்தவர்களை எங்கே தேடுவது என்று அதிகாரிகள் கேட்கலாம். பட்டியல் உங்களிடமே இருக்கிறது. அரசுப் பணத்தில் அறுவை நடந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பில் போயிருக்கிறது. பெயர், ஊர், செய்த அறுவை எல்லாம் அதில் இருக்கும். 2008இல் ஐந்து வயதில் மேசையில் படுத்த பிள்ளை 2021இலேயே பதினெட்டைத் தாண்டிவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் சுகர் மாத்திரையோடு போகிற தெருக்களில்தான் இவர்களும் குடியிருக்கிறார்கள். அடுத்த மானியக் கோரிக்கையின்போது உங்கள் துறை வாசிக்கும் அறிவிப்புகளில் இதற்கும் ஒரு வரி சேருங்கள். அதற்கு முன், 2008ஆம் ஆண்டுப் பட்டியலை எடுத்து முதல் போனைப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறுவயதில் இதய அறுவை செய்துகொண்ட ஒருத்தி