யாருடைய விருப்பம்?

2014 நவம்பர் 1. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கதவைச் சாத்தியது. 2006இல் திறந்த ஆலை. அதற்கு முன்பே 5,000 பேருக்கு மேல் 'விருப்ப ஓய்வு' என்று எழுதி வாங்கியாயிற்று. இருபத்தைந்து வயசுப் பெண்ணுக்கு ஓய்வாம், அதுவும் விருப்பமாம்!

சூட்சுமம் இதுதான். 100 பேராவது வேலை செய்யும் ஆலையில் ஆள்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்றது அன்றைய சட்டம். தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அனுமதி எதற்கு? 2020இன் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு அந்த 100ஐ 300 ஆக்கியது. 2022இல் மறைமலைநகர் ஃபோர்டும் உற்பத்தியை நிறுத்தியது.

வேலை போனால் ஊருக்குப் போ என்கிறார்கள். நிலம் உள்ளவனுக்கு ஊர் இருக்கு. சேரிக்காரனுக்கு? பழவேற்காட்டு ஏரியைப் பாருங்கள். பாடு முறையில் வலை போடும் உரிமை சாதியோடு வருகிறது. தலித்துக்குப் பாடு கிடையாது. கையால் இறால் தடவலாம், அவ்வளவுதான். பொன்னேரிப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறுவது அதனால்தான்.

தனியார் ஆலையில் இட ஒதுக்கீடு இல்லை. உள்ளே விடும்போது நம்மை எண்ணாதவர்கள் வெளியே தள்ளும்போதா எண்ணப்போகிறார்கள்? ஆலைக்குப் போன நிலமும் வரிச்சலுகையும் மக்கள் சொத்து. வேலை இழந்தவர்களில் தலித்துகள் எத்தனை பேர்? தோழர்களே, இந்தக் கணக்கைச் சங்கம் கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். நாமே கேட்போம்.