தூண்களுக்கு நடுவே ஒரு கடைத்தெரு

திருவிழாவுக்குச் சல்லடம், உருமால் தைக்க வேண்டுமென்றால் எங்கள் ராமநாதபுரம் சீமைக்காரர்கள் மதுரைக்குப் பஸ் ஏறுவார்கள். பரமக்குடியிலும் அழகர் வைகையில் இறங்குகிறாரே, தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடுப்பு வேண்டாமா? புது மண்டபத்தில் அதைத் தைத்துக் கொடுத்தவர்களில் பலர் இஸ்லாமியத் தையற்காரர்கள். ஒரு தூணடியில் மெஷின் ஓடும். அடுத்த தூணடியில் பித்தளைக் குத்துவிளக்கு. அதற்கடுத்து பள்ளிக்கூடப் புத்தகம்.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்கென்று திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மண்டபம் அது. 333 அடி நீளம், 105 அடி அகலம், நான்கு வரிசைத் தூண்கள். நடுவழியின் தூண்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். நான் பார்த்த நாளெல்லாம் அந்தக் கைகளுக்கு முன்னால் ஜரிகைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. துணியை விலக்கினால்தான் இடுப்பில் செதுக்கிய உடைவாளின் பிடி தெரியும். கல்லில் ஆணி, ஆணியில் ஒயர், ஒயரில் குண்டு பல்பு.

2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் வீர வசந்தராயர் மண்டபம் கடைகளோடு எரிந்தது. சூட்டில் கல் வெடித்து உதிர்ந்ததைப் பார்த்த பிறகு, மண்டபத்துக்குள் கடை இருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது மண்டபக் கடைகள் பின்னர் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. மாற்றியது சரியே. ஆனால் கடைக்காரர்களை ஏதோ ஆக்கிரமிப்பாளர்கள் போலப் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் அங்கே இருந்ததால்தான் தென்மாவட்டத்துச் சாதாரண சனம் அந்த நிழலில் தலைமுறை தலைமுறையாக நடமாடியது.

எங்கள் ராமேசுவரத்து மூன்றாம் பிராகாரத்துக்கு வாருங்கள். சேதுபதிகள் 18ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தது, 1,212 தூண்கள். கிழமேலாகச் செல்லும் நடை மட்டும் ஏறத்தாழ 690 அடி. ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்து நடுக்கூடம்கூட இதைவிடக் குறைவுதான். இத்தனைக்கும் தீவில் கருங்கல் கிடையாது. அக்கரையிலிருந்து கடல் வழியே கொண்டுவந்தார்கள். நடக்கும் வழியின் இரு பக்கமும் திண்ணை உயர்த்தி, அதன்மேல் தூண் நிறுத்தியிருக்கிறார்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிய ஈரத்துணியோடு சனம் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. கால் வலித்தவர்கள் திண்ணையோரம் சாய்கிறார்கள். நடக்க ஒரு மட்டம், உட்கார ஒரு மட்டம் என்று கட்டியவனே பிரித்து வைத்துவிட்டான். யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

புது மண்டபத்துக்கு நான் கேட்பதும் இதுதான். ஆணியும் ஒயரும் வேண்டாம். வைகாசி வசந்த விழாவுக்குச் சாமி வரட்டும். மற்ற நாளில் அதைப் பூட்டி வைக்காமல், சத்திரத்தில் அளவு கொடுத்துவிட்டுத் துணி தைத்து வரும்வரை காத்திருக்கும் பரமக்குடிக்காரருக்கு அங்கே உட்கார இடம் விடுங்கள். நாயக்கர் முகத்தை அவரும் நிதானமாகப் பார்க்கட்டும்.