கூச்சத்தால் மறையும் உண்மை

பெண்ணின் மேலுதட்டிலும் தாடையிலும் கரிய முடி முளைத்தால், "வெளியே தெரியக் கூடாது" என்பதே வீட்டாரின் முதல் கவலை. கஸ்தூரி மஞ்சள் பூசுகிறார்கள். நூல் வைத்துப் பிடுங்குகிறார்கள். டாக்டரிடம் போவது கடைசியில்தான். அங்கும் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, தாயார் பதில் சொல்லுகிறார். இரண்டு கேள்வியோடு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதப்பட்டால், முக்கியமான விஷயம் வெளிவராமலே போய்விடும்.

இது அபூர்வமான கோளாறல்ல. பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு உண்டு. ஆண் ஹார்மோன் பெண் உடலிலும் சிறிதளவு சுரக்கிறது. அது மிகுந்தாலும், முடியின் வேர் அதற்கு அதிகமாக வசப்பட்டாலும், பூனைமுடி தடித்துக் கறுக்கிறது.

எப்போது தொடங்கியது?

டாக்டர் கேட்க வேண்டிய தலையாய கேள்வி இது. பருவமடைந்த பின் சிறுகச் சிறுக வளர்ந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. சில மாதங்களிலேயே வேகமாகப் பரவி, குரலும் கட்டையாகி, தலையில் வழுக்கையும் விழுந்தால் தாமதம் கூடாது. சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கக்கூடும்.

மாதவிலக்கு ஒழுங்கா?

இக்கோளாறு உள்ளவர்களில் 100க்கு 70 பேருக்கு மேல் காரணமாக இருப்பது சினைப்பை நீர்க்கட்டி. சிக்காகோ டாக்டர்களான ஸ்டைனும் லெவென்தாலும் 1935ல் விவரித்தது இதையே. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகப்பரு, எடை ஏறுவது, குழந்தை உண்டாகத் தாமதம், குடும்பத்தில் நீரிழிவு ஆகிய அனைத்தையும் விசாரித்தால்தான் இது பிடிபடும். தாய்க்கும் அத்தைக்கும் இதே வளர்ச்சி உண்டா என்பதும் தெரிய வேண்டும்.

மருந்துகளையும் மறைக்கக் கூடாது. டானசோல் மாத்திரையும், உடற்கட்டுக்காகச் சிலர் எடுக்கும் ஸ்டீராய்டு ஊசியும் முடியை வளர்க்கும். வலிப்புக்கான பெனிட்டாயினால் வளரும் முடி வேறு வகை. அது ஆண் ஹார்மோனைச் சேர்ந்ததல்ல.

நேற்று மழித்த முகம்

ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961ல் முடி வளர்ச்சிக்கு மதிப்பெண் முறை வகுத்தார்கள். இப்போது உடலின் 9 இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போடுகிறார்கள். ஆனால் நேற்று மழித்துவிட்டு வந்த பெண்ணுக்கு என்ன மதிப்பெண் கிடைக்கும்? கண்ணுக்குத் தெரியாததை வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும். எதனால் எடுக்கிறாய், எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கிறாய் என்று கேட்காத பரிசோதனை அரைகுறைதான்.

மனம் எப்படி இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. கல்லூரிக்குப் போகவும் விசேஷ வீடுகளுக்கு வரவும் அஞ்சி ஒடுங்கும் பெண்கள் உண்டு. முடி கொஞ்சமாக இருந்தாலும் வேதனை கொஞ்சமாக இருப்பதில்லை.

ஆகவே, டாக்டர்கள் பத்து நிமிஷமாவது ஒதுக்கி, தாயாரையும் கணவரையும் சற்று வெளியே இருக்கச் சொல்லி, பெண்ணைத் தனியே பேசவிட வேண்டும். பெண்களும் மாதவிலக்குத் தேதிகளையும் சாப்பிடும் மருந்துகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகட்டும். வெட்கப்பட வேண்டிய குற்றம் எதையும் அவர்கள் செய்யவில்லை. வாய் திறந்து சொன்னால், பாதி வைத்தியம் அப்போதே தொடங்கிவிடும்.