தொண்டு சரி, கூலி எங்கே?

2026-ம் ஆண்டை நிலைத்த வளர்ச்சிக்கான தொண்டர்களின் ஆண்டாகக் கொண்டாட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2023-ல் தீர்மானம் போட்டது. ஏரியையும் காட்டையும் மண்ணையும் நாமும் அனுபவித்து, நம் பிள்ளைகளுக்கும் கெடாமல் விட்டுவைப்பதுதான் நிலைத்த வளர்ச்சி. அதற்கு ஜனங்கள் தாமாக முன்வந்து உழைக்க வேண்டுமாம். சர்க்கார் அதற்குக் கை கொடுக்க வேண்டுமாம். வேண்டாம் என்பார் யார்?

ஆனால் தொண்டு என்பது எல்லோருக்கும் ஒரே விலையா? நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் வந்தது. அதில் சேர்ந்த கல்லூரி மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்கிறார். அவர் மண்கூடை தூக்குவதைப் பாராட்டுகிறோம். மாலையில் அவருக்கு விடுதியில் சோறு இருக்கிறது. நாற்று நடப் போகிற பெண் ஒரு நாள் கூலியை விட்டால் அன்றைக்கு வீட்டில் உலை ஏறாது. ஆலைத் தொழிலாளி ஒரு ஷிப்டை விட்டாலும் அதே கதைதான்.

ஏரி தூர் வாருவதும் வாய்க்கால் வெட்டுவதும் நமக்குப் புதிதல்ல. குடிமராமத்து என்று அதற்குப் பழைய பெயர். பெயரென்னவோ குடிகளின் பெயர். சேற்றில் இறங்கியவன் பண்ணையாள், கரையில் நின்று விரட்டியவர் நிலக்காரர். 1858-ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தான். கரை உடைப்பெடுத்தால் உடலுழைப்பாளி வந்தே தீரவேண்டும், மறுத்தால் தண்டனை!

அதே குடிமராமத்தைத் தமிழக அரசு 2017-ல் மறுபடி எடுத்தது. செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. வேலையை எடுத்துச் செய்வது பாசன விவசாயிகளின் சங்கம். 2000-ம் ஆண்டுப் பாசனச் சட்டப்படி அமையும் சங்கத்தில் உறுப்பினர் நிலமுள்ளவர்தான். வீராணத்துப் பாசனத்தில் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் நிலமில்லாதவனுக்கு அங்கே வாக்கு இல்லை. பத்தில் ஒரு பங்கு உழைப்பு என்று கணக்கில் எழுதினால், அது யாருடைய முதுகு?

சுதந்திரம் வந்த புதிதிலும் இதைப் பார்த்தோம். 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது. அதே ஆண்டு பாரத் சேவக் சமாஜம் அமைந்தது. எங்கும் சிரமதானம் என்று பேச்சு. ஐந்தாவது வருஷம், 1957-ல், பல்வந்த்ராய் மேத்தா குழு ஊர்ஊராகப் பார்த்துவிட்டு, ஜனங்களின் சொந்த முயற்சியை இத்திட்டம் தட்டி எழுப்பவில்லை என்று எழுதியது. முடிவெடுக்கும் இடத்தில் ஜனங்களை வைக்காமல் மண்வெட்டியை மட்டும் கையில் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

வெள்ளத்தில் அகப்பட்டவனைத் தூக்க யாரும் கூலி கேட்டதில்லை. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியபோதும், 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோதும் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டோம். அது வேறு. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் செய்கிற வேலை வேறு.

அப்படிப்பட்ட வேலை சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் நடந்தது. வெள்ளைக்காரன் காலந்தொட்டு 1970-கள் வரை அங்கே சுரபுன்னைக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள், சர்க்கார் கணக்கிலேயே. மரம் போன இடத்தில் மண் தாழ்ந்து குழியாயிற்று. உப்புத் தண்ணீர் தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறி, கன்று முளைக்காத பொட்டலாயிற்று. பழி யார் மேல்? விறகு பொறுக்கியவன் மேலும் மாடு மேய்த்தவன் மேலும்! எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் ஆராய்ந்து, மொட்டையடித்ததே மூலகாரணம் என்று காட்டியது. பிறகு மீன்முள் போலக் கிளைக் கால்வாய்கள் வெட்டி, அலைத் தண்ணீர் வந்து போக வழி செய்து, கன்றுகள் நட்டார்கள். வனத்துறையோடு கிள்ளைப் பக்கத்து ஊர்ஜனங்களும் கூடி உட்கார்ந்து காட்டைப் பராமரித்தார்கள். சுனாமியில் நம் கடலூர்க் கரையில் 600-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் அழிவிலிருந்து தப்பின என்று 2005-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

2023 மத்திய பட்ஜெட்டில் கரையோரமெங்கும் சுரபுன்னை நட மிஷ்டி என்றொரு திட்டம் அறிவித்தார்கள். வேலை உறுதித் திட்டத்தின் பணத்தையும் அதில் சேர்ப்போம் என்றார்கள். அதாவது, கன்று நடுவது கூலி தர வேண்டிய வேலை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டாயிற்று. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. பஞ்ச நிவாரண வேலைக்கும் அது பொருந்தும் என்று 1983-ல் சொன்னது.

மே 1-ல் கிராம சபை கூடும். ஏரி வேலை, காட்டு வேலை என்று தீர்மானம் வந்தால், எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கூலி என்று வாசிக்கச் சொல்லுங்கள். கூலி என்ற இடம் காலியாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பு அதை நிரப்பச் சொல்லுங்கள்.