ஆலைக்குள் இருக்கும் பாதுகாப்பு பள்ளி மைதானத்துக்கும் வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் விளையாட்டு வகுப்புகளும் போட்டிகளும் எப்படி நடக்க வேண்டும் என்பது குறித்து எங்கள் அமைப்பு எடுத்துள்ள நிலைப்பாடு இது. எங்களில் பலர் இங்குள்ள ஆலைகளில் ஷிப்ட் பார்க்கும் பெற்றோர். மற்றவர்கள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி கற்பித்தவர்கள்.

எங்கள் நிலை இதுதான்: ஒவ்வொரு பிள்ளையும் தினமும் விளையாட வேண்டும். அந்த விளையாட்டைப் பாதுகாப்பாக நடத்துவது அரசின் கடமை. விபத்துக்குப் பயந்து மைதானத்தைப் பூட்டுவதையும் ஏற்க மாட்டோம், எல்லாப் பொறுப்பையும் ஒற்றை பி.டி. சார் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதையும் ஏற்க மாட்டோம்.

இந்த வட்டாரத்து ஆட்களுக்குப் பாதுகாப்பு என்றால் என்னவென்று யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்று வகுத்தது. அதைக் கவனிக்க முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுவதும் இருக்க வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர், 500 பேருக்கு மேல் என்றால் ஆம்புலன்ஸ் அறை, 1,000 பேரை எட்டினால் பாதுகாப்பு அலுவலர். சட்டங்களின் பெயர்கள் மாறினாலும் இந்த வழக்கம் ஆலைகளில் வேரூன்றிவிட்டது. ஷிப்ட் தொடங்கும் முன் லைனில் நிற்க வைத்து ஐந்து நிமிடம் பாதுகாப்பு பேசுகிறார்கள். கை நசுங்காமல் நூலிழையில் தப்பினால்கூட அதை ‘நியர் மிஸ்’ என்று எழுதி வைக்கிறார்கள். ஆனால் அதே ஆலையில் வேலை பார்க்கும் தாயின் மகள், சில நூறு பிள்ளைகளோடு படிக்கும் அரசுப் பள்ளியில், கபடி ஆடும்போது முழங்கை பிசகினால் என்ன நடக்கிறது? முதலுதவிப் பெட்டி இருக்கும் தலைமை ஆசிரியர் அறை பீரோவின் சாவியைத் தேடுகிறார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வு நியாயமில்லை. பள்ளிக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, விளையாட்டுக் கருவிகள் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் 2012இல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அந்த ஊதியத்தையும் நிரந்தரமில்லாத அந்த வேலையையும் வைத்துக்கொண்டு ஒருவரிடம் முழுப் பாதுகாப்பையும் எதிர்பார்ப்பது முறையல்ல. அவர் வராத அரைநாள்களில் பிள்ளைகள் விளையாடினால் யார் பார்த்துக்கொள்வது?

வெயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பள்ளி திறப்பது ஜூன் மாதத்தில். 2023இல் வெயில் தாங்காமல் ஜூன் 1 என்றிருந்த திறப்பை 12ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். திறந்த பிறகும் அனல் குறைவதில்லை. கோடை விடுமுறையில் ஓடாமல் இருந்த உடல் வெயிலில் ஓடப் பழகுவதற்குப் பத்துப் பதினான்கு நாள்கள் ஆகும். ஆனால் குறுவட்டப் போட்டிகள் நெருங்குகின்றன என்று முதல் வாரத்திலேயே 1,500 மீட்டர் ஓட வைக்கிறார்கள். இதை நிறுத்த வேண்டும். முதல் இரண்டு வாரம் குறைந்த நேரம், குறைந்த வேகம், நிழலில் ஓய்வு. ஜூன், ஜூலையில் காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை திறந்த வெளியில் ஓட்டமோ கூட்டுப் பயிற்சியோ வேண்டாம். அந்த நேரத்து வகுப்புகளை மரத்தடியிலோ கூடத்திலோ நடத்தலாம். கால அட்டவணையை மாற்றும் அதிகாரத்தைத் தலைமை ஆசிரியருக்குத் தெளிவாகக் கொடுக்க வேண்டும்.

ஓடும் பிள்ளை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மயங்கினால் அதை வெப்பத் தாக்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பு வியர்த்திருக்கிறதே என்று அலட்சியம் கூடாது. ஓட்டத்தில் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை இருக்கலாம். உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, விசிறி, உடம்பைக் குளிர்விக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 108ஐ அழைத்துவிட்டுக் கை கட்டிக் காத்திருக்காமல், வண்டி வரும்வரை குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பேருந்துகளும் அடைத்துக்கொண்டு நிற்கும் ஷிப்ட் மாறும் நேரத்தில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைப் பார்த்தவர்களுக்கு, அந்த நிமிடங்களின் அருமை தெரியும்.

தண்ணீர்க் குழாய் இருந்தால் மட்டும் போதாது. வளரிளம் பெண் பிள்ளைகள் பலர் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. கழிவறைக்குப் போக முடியாது என்பதால் காலையிலிருந்து தாகத்தை அடக்கிக்கொண்டு, அதே உடம்போடு வெயிலில் கோ-கோ ஆடுகிறார்கள். ஆகவே தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிவறையை நாங்கள் விளையாட்டுப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே பார்க்கிறோம். வெறும் வயிறும் அப்படித்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கானது. இரவு ஷிப்ட் முடிந்து அம்மா வீடு திரும்பும் முன்பே பள்ளிக்குக் கிளம்பிவிடும் எட்டாம் வகுப்புப் பிள்ளை பல நாள் டீ மட்டும் குடித்துவிட்டு வருகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்பது தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கு. காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளையைத் ‘தெம்பில்லாதது’ என்று கேலி செய்யாதீர்கள். அன்று சாப்பிட்டதா என்று முதலில் கேளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் காலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் கடலை, கொண்டைக்கடலை, முட்டை என ஏதாவது ஒன்று தர வேண்டும் என்று கோருகிறோம்.

எறியும் விளையாட்டுகளில் எங்கள் நிலை கறாரானது. 2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் மாநில இளையோர் தடகளப் போட்டி நடந்தது. ஈட்டி எறிதலையும் சம்மட்டி எறிதலையும் அருகருகே ஒரே நேரத்தில் நடத்தினார்கள். உதவிக்கு வந்திருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவனின் தலையில் சம்மட்டி விழுந்தது. அந்த மாதமே அவன் இறந்துபோனான். விழும் இடத்தில் நின்று ஈட்டியையும் குண்டையும் பொறுக்கிக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. ஒருவர் எறியும்போது மற்ற எல்லோரும் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆசிரியர் விசில் அடித்த பிறகே எடுக்கப் போக வேண்டும். எறியும் திசையில் வேறு ஆட்டம் எதுவும் நடக்கக் கூடாது. இந்த ஒழுங்குக்கு இடமில்லாத பள்ளியில் ஈட்டி இருக்கக் கூடாது; வட்டாரத்தில் ஒரு தகுந்த மைதானத்தில் பயிற்சி நடக்கட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தாண்டுகுழி மணலைக் கிளறி, கண்ணாடித் துண்டும் கல்லும் பொறுக்கிய பிறகே குதிக்க விட வேண்டும். தரையில் ஊன்றாத கோல் போஸ்டைக் கழற்றி வைக்க வேண்டும். இடி கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும், மரத்தடிக்கு ஓடாமல் கட்டடத்துக்குள் போக வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது. மைதானத்துக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டிய பள்ளிகளில் காவல் துறை ஆள் நிற்க வேண்டும்.

தண்டனையாக ஓட விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தாமதமாக வந்தால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடு, பாடம் படிக்காவிட்டால் வெயிலில் முட்டி போடு என்கிறார்கள். உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. ஓட்டத்தை வெறுக்க வைக்கும் இந்தப் பழக்கத்தை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம்.

பெற்றோருக்கும் இதில் கடமை உண்டு. வலிப்பு, ஆஸ்துமா, இதயத்தில் ஓட்டை என்று பிள்ளைக்கு இருப்பதை, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது தடையாகிவிடுமோ என்று மறைக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் தெரியாத நோயிலிருந்து எந்த ஆசிரியராலும் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழு கண்டுபிடிப்பதும் பெற்றோர் சொல்வதும் தலைமை ஆசிரியருக்கும் பி.டி. சாருக்கும் மட்டும் தெரிய வேண்டும். வகுப்பில் யாருக்கும் தெரியக் கூடாது. ஒடியா, இந்தி பேசும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இங்கே நிறையப் படிக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்விகளை அவர்கள் மொழியில் கேட்க வேண்டும்.

ஆலைகளிடம் எங்கள் வேண்டுகோள் நேரடியானது. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிகளுக்கு அந்தப் பணத்தைக் கொண்டுவர ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் 2022 முதல் இருக்கிறது. சுவருக்கு வண்ணம் பூசிப் பெயர்ப் பலகை வைப்பதற்கு முன்னால், வேலி, நிழற்கூரை, குடிநீர், முதலுதவிப் பயிற்சி ஆகியவற்றுக்குக் கொடுங்கள். உங்கள் ஆம்புலன்ஸும் மருத்துவ அறையும் அவசரத்துக்குப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் உதவும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். உங்கள் பாதுகாப்பு அலுவலர்கள் பருவத்துக்கு ஒரு நாள் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துக் குறை சொல்லட்டும். நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்தி உயிர்கொடுக்கும் பயிற்சியைப் பள்ளிக்கு நான்கு பேராவது பெற வேண்டும். அந்த முதலுதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏழு முதல் பத்து விழுக்காடு குறைத்துவிடும்.

கல்வித் துறையிடம் ஒன்று கேட்கிறோம். அடிபட்டதைப் பதிவேட்டில் எழுதும் ஆசிரியரைத் தண்டிக்காதீர்கள். விபத்து நடந்த மறுநாளே விசாரணையின்றி இடைநீக்கம் என்றால் அடுத்த பள்ளியில் பந்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நியர் மிஸ்ஸை எழுதியவரை ஆலையில் பாராட்டுகிறார்கள், பள்ளியிலும் அப்படி ஆக வேண்டும். விதிகளைப் பின்பற்றியவருக்குத் துறை துணை நிற்க வேண்டும். ஆளும் இடமும் கொடுக்காத அதிகாரியும் விசாரணைக்கு உட்பட வேண்டும். ஐந்து முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேர உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடையும் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் பள்ளியில் அது கிடைக்காது.

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உங்களுடையது, பாதி இடம் பெண்களுடையது. அடுத்த கூட்டத்துக்கு லீவு போட்டாவது போங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே, அதன் சாவி யாரிடம், பி.டி. சார் வராத நாளில் மைதானத்தில் யார் நிற்பார் என்று கேளுங்கள். மைதானத்துக்கு இடமும் வேலியும் இல்லையென்றால், மே 1 தொழிலாளர் தின கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு உங்களுக்கும் விடுமுறைதான்.